கீழ்க்குரலைக் கேளுங்கள்

(மேற்கத்தியச் செவ்வியல் இசையின் காலகட்டங்கள் குறித்துக் கோவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேற்கத்தியச் செவ்வியல் இசையின் வரலாறு என்றதும் ஒரு பட்டியல்தான் நினைவுக்கு வரும். இடைக்காலம், மறுமலர்ச்சிக் காலம், பரோக், செவ்வியல் காலம், ரொமான்டிக் காலம், இருபதாம் நூற்றாண்டு. ஒவ்வொன்றுக்கும் தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு, நான்கு மேதைகளின் பெயர். அந்தப் பட்டியல் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். கோவையில் நின்று பேசுகிறவன் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தக் காலகட்டங்களில் எவை நம் மண்ணுக்கு வந்து சேர்ந்தன? எந்த வழியாக வந்தன? வந்தவற்றில் நாம் எதை எடுத்துக்கொண்டோம், எதைக் கேட்காமல் விட்டோம்?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாக் காலங்களும் வந்துவிட்டன. வரிசை மட்டும் குலைந்து வந்தன. நானூறு ஆண்டு இடைவெளியில் பிறந்த மெட்டுகள் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. ஒரே திரைப்படப் பாடலின் முன்னிசையில் ஒரு காலமும் இடையிசையில் இன்னொரு காலமும் நிற்கின்றன. கேட்கிறோம், ரசிக்கிறோம். எது எந்தக் காலத்தது என்று பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு மெட்டை எடுத்துக்கொள்வோம். பெரிய வெள்ளிக்கிழமை அன்று கோவையிலோ ஈரோட்டிலோ ஏதாவது ஒரு சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் போனால், இயேசுவின் முள்முடியையும் காயங்களையும் பாடும் ஒரு ஞானப்பாட்டைக் கேட்கலாம். சபையே கனத்த குரலில், நிதானமாகப் பாடும். அந்த மெட்டின் பிறப்பைத் தேடிப் போனால் 1601க்குப் போய் நிற்போம். ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்ற ஜெர்மானியர் அதை ஒரு காதல் பாட்டுக்காக இயற்றினார். ஒரு பெண்ணால் மனம் கலங்கிப்போனவனின் பாட்டு அது. அரை நூற்றாண்டு கழித்து பால் கெர்ஹார்ட் எழுதிய பக்திப் பாடலோடு அந்த மெட்டு சேர்ந்தது. பிறகு 1727இல் லைப்சிக் நகரில் யோகான் செபாஸ்டியன் பாக் தம் 'மத்தேயு பாடுகள்' என்ற பெரும்படைப்பில் அதே மெட்டை ஐந்து இடங்களில் வைத்தார். மேலே ஓடும் மெட்டு ஐந்து இடத்திலும் ஏறத்தாழ அதேதான். அடியில் ஓடும் குரல்களைத்தான் மாற்றினார். கடைசி முறை அது வருவது இயேசு உயிர்விட்ட அடுத்த கணத்தில். அங்கே கீழ்க்குரல்கள் எதிர்பாராத அரைச் சுரங்களில் நகர்ந்து, தெரிந்த மெட்டையே தெரியாததாக்கிவிடுகின்றன.

காதல் பாட்டு, பக்திப் பாட்டு, பெரும் இசை நாடகம், கடைசியில் ஈரோட்டுச் சபையின் தமிழ்ப்பாட்டு. மறுமலர்ச்சிக் காலத்தின் முடிவில் பிறந்து, பரோக் காலத்தில் வளர்ந்த மெட்டு இது. சபை பாடுவது மேல்குரலை மட்டும். காலம் ஒளிந்திருப்பது கீழ்க்குரல்களில். மேற்கத்திய இசையில் ஒரு காலத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் மேலே கேட்கும் மெட்டைவிட அடியில் நடக்கும் வேலைதான். இதை மனதில் வைத்துக்கொண்டு காலங்களைப் பார்ப்போம்.

தொடக்கத்தில் அங்கும் ஒற்றைக் குரல்தான். கிரெகோரியன் ஓதலில் துறவிகள் எல்லோரும் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் பாடினார்கள். தாளக்கட்டு இல்லை, பின்னணி இல்லை. தேவாரத்தைப் பண்ணோடு ஓதிக் கேட்ட காதுக்கு அது அந்நியமாகப் படாது. பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியில் குய்தோ என்ற துறவி, கோடுகளின் மேல் சுரங்களை எழுதும் முறையைச் சீராக்கினார். சுரத்தை எழுத முடிந்ததும், இரண்டு பேர் இரண்டு வேறு மெட்டுகளைப் பிசகாமல் ஒன்றாகப் பாடுவதும் எளிதாயிற்று. 1200ஐ ஒட்டிப் பாரிஸின் நோத்ர தாம் ஆலயத்தில் பெரோதான் நான்கு குரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார். நம் மரபு எழுத்தை நம்பாமல் குரு வாயால் வளர்ந்தது. அதனால் ஒற்றை மெட்டுக்குள் கமகம், அனுசுரம், மனோதர்மம் என்று ஆழம் தேடிப் போனது. அவர்கள் எழுத்தை நம்பினார்கள், குரல்களைப் பெருக்கினார்கள். இரண்டு பாதைகளும் பிரிந்த இடம் இது.

மறுமலர்ச்சிக் காலம் என்பது, சுமாராக 1400 முதல் 1600 வரை, குரல்கள் சமமாக நடந்த காலம். பாலஸ்திரீனாவின் திருப்பலி இசையில் எந்தக் குரலும் தலைவன் அல்ல. ஒரு குரல் ஒரு சொற்றொடரைத் தொடங்கும். அடுத்த குரல் அதையே பிடித்துக்கொண்டு பின்னால் வரும். மூன்றாவது அதன் பின்னால். இங்கிலாந்தில் தாமஸ் டாலிஸ் நாற்பது தனித்தனிக் குரல்களுக்கு ஒரு படைப்பு எழுதினார்.

1600க்குப் பிறகு பரோக். மோன்டெவெர்டியின் 'ஆர்ஃபியோ' 1607இல் மாந்துவா அரண்மனையில் அரங்கேறியது. பல குரல்கள் சமமாக ஓடிய இடத்தில் இப்போது ஒரு மேல்குரல் உணர்ச்சியோடு பேசியது. அடியில் ஓர் உறுதியான பேஸ் குரல் இடைவிடாமல் ஓடியது. அந்த இரண்டுக்கும் இடையில் ஹார்மனி நிறைந்தது. பவானி ஜமக்காளத் தறியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். நீளவாக்கில் ஓடும் பாவுதான் தனித்தனி மெட்டுகள். குறுக்கே ஓடும் ஊடைதான் ஹார்மனி, அதாவது ஒரே கணத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள். மறுமலர்ச்சிக்காரர்கள் பாவை மனதில் வைத்து நெய்தார்கள். பின்னால் வந்த செவ்வியல்காரர்கள் ஊடையின் அழகைப் பெரிதாக்கினார்கள். பாவும் ஊடையும் சம வலுவோடு நின்றது பாக்கின் கையில். ஃபியூக் எனப்படும் பல குரல் பின்னல் வடிவத்தில் அவர் எழுதிய எதிலும் ஒவ்வொரு குரலும் தனியாகக் கேட்டால் முழு மெட்டு. எந்தக் கணத்தில் நிறுத்திக் கேட்டாலும் ஒழுங்கான ஹார்மனி.

இது கடினமான விஷயம், நம் காதுக்கு எட்டாது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1978இல் வந்த 'சிட்டுக்குருவி' படத்தில் ஒரு பேருந்துப் பாட்டு இருக்கிறது. எஸ்.பி. பாலசுப்ரமணியமும் பி. சுசீலாவும் பாடிய 'என் கண்மணி'. பேருந்தில் காதலன் காதலியோடு வெளிப்படையாகப் பேச முடியாது. அதனால் வாயால் ஒரு வரியும், மனதால் இன்னொரு வரியும் ஓடும். இளையராஜா அந்த இரண்டு மெட்டுகளையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டிருக்கிறார். ஒன்றின் இடைவெளியில் மற்றது நுழையும். தனித்தனியே கேட்டால் இரண்டும் பொருள் தரும், சேர்த்துக் கேட்டாலும் பொருள் தரும். பரோக் காலம் உச்சத்துக்குக் கொண்டுபோன கவுன்டர்பாயிண்ட் என்ற கலை இதுதான். டீக்கடை ரேடியோவில் அதைக் கேட்டுத் தலையாட்டிய யாருக்கும் பரோக்கின் வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது.

பரோக் காலம் நமக்கு மிகவும் பிந்தி வந்தது என்று ஓர் எண்ணம் இருக்கிறது. அது சரியல்ல. லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தது 1706இல். அங்கே அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் எழுந்தது. ஜெர்மன் ஞானப்பாட்டுகள் தமிழாக்கப்பட்டு அங்கே பாடப்பட்டன. பாக் லைப்சிக்கில் பொறுப்பேற்றது 1723இல். அவர் கோரல் எனப்படும் சபைப் பாட்டுகளுக்கு நான்கு குரல் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே மரபைச் சேர்ந்த பாட்டுகள் காவிரிக் கழிமுகத்தில் தமிழில் ஒலித்தன. நாம் பின்தங்கிய வாரிசுகள் அல்லர், சமகாலத்தவர்கள்.

அடுத்து செவ்வியல் காலம், சுமார் 1750 முதல் 1820 வரை. ஹைடன், மொத்சார்ட், பீத்தோவன். பரோக்கின் இடைவிடாத ஓட்டம் இங்கே நின்று மூச்சு வாங்குகிறது. ஒரு சொற்றொடர் கேள்வி கேட்கும், அடுத்தது பதில் சொல்லும். மொத்சார்ட்டின் நாற்பதாம் சிம்பொனியின் தொடக்கம் பலருக்குத் தெரியும். 1961இல் சலில் சௌத்ரி அதை இந்திப் படமான 'சாயா'வின் ஒரு பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். அந்தக் கேள்வி-பதில் அமைப்பு எவ்வளவு சுலபமாக ஓர் இந்தியப் பாட்டின் பல்லவியாகிவிடுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தக் காலத்தின் பெரிய கண்டுபிடிப்பு சொனாட்டா வடிவம். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு அதை இப்படிச் சொல்லலாம். நமக்குத் தம்புராவில் ஆதார சட்ஜம் அசையாது. கச்சேரி முழுதும் அது ஒன்றே வீடு. சொனாட்டாவில் ஒரு சட்ஜத்தில் புறப்படுவார்கள். கொஞ்ச தூரம் போனதும் பஞ்சமமே புதிய சட்ஜமாகிவிடும். அங்கிருந்து தெரியாத ஊர்களுக்கெல்லாம் அலைந்து, கடைசியில் பழைய சட்ஜத்துக்குத் திரும்புவார்கள். நம் வித்வான்கள் ராக ஆலாபனையில் கிரகபேதம் செய்யும்போது ஒரு கணம் காது தடுமாறி, பிறகு தெளியுமே, அந்த அனுபவத்தையே கட்டட வரைபடமாக்கிக்கொண்டார்கள்.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் நடந்ததைப் பாருங்கள். தியாகராஜர் பிறந்தது 1767இல், பீத்தோவன் 1770இல், முத்துசுவாமி தீட்சிதர் 1775இல். ஹைடன் முப்பது ஆண்டுகள் எஸ்தர்ஹாசி பிரபுவின் அரண்மனையில் ஊழியம் பார்த்தார். 1798இல் அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி தஞ்சை அரண்மனையில் மேற்கத்திய பேண்டு ஒன்றை வைத்துக்கொண்டார். அவர் சேர்த்த ஐரோப்பிய இசைச் சுவடிகள் இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது தீட்சிதர் ஆங்கிலேயரின் கோட்டைப் பேண்டு இசையைக் கேட்டார். அவருடைய தம்பி பாலுசுவாமி வயலின் கற்றுக்கொண்டார். பேண்டு மெட்டுகளுக்குத் தீட்சிதர் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நாற்பதை ஒட்டிய அந்த உருப்படிகளை நோட்டுஸ்வரம் என்கிறோம். அவற்றில் ஒன்று இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டு. சங்கராபரணத்தில் அமைந்த அவை இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித்தரப்படுகின்றன.

தீட்சிதர் எதை எடுத்தார், எதை விட்டார் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மெட்டை எடுத்தார். கீழ்க்குரலை விட்டார். நம் மரபு வயலினை அரவணைத்துக்கொண்டு, அதைக் காலில் சாய்த்து வாசிக்கும் முறையையும் கமகத்தையும் கண்டுபிடித்து, தன் வாத்தியமாகவே ஆக்கிக்கொண்டது. ஆனால் அதோடு வந்த ஹார்மனியை வாசலிலேயே நிறுத்தியது. அதில் குறை ஒன்றும் இல்லை, காரணம் இருந்தது. அசைந்து நெளியும் சுரத்தின் அடியில் நிலையான மூன்று சுரங்களை அடுக்கினால் கமகம் அடிபடும். சட்ஜம் நகர்ந்தால் ராகம் குழம்பும். எதைச் சேர்த்தால் தன் உயிர் நிற்கும் என்று தெரிந்த ஒரு மரபு தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொண்டது. அந்தத் தேர்வுக்கு நாம் கொடுத்த விலையும் ஒன்று உண்டு. நம் காது மேல்குரலை மட்டும் பின்தொடரப் பழகிவிட்டது.

கொங்கு நாட்டுக்கு வருவோம். லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் பாதிரியார் கோயமுத்தூரில் பணி தொடங்கியது 1830இல். அதற்குள் ஐரோப்பாவில் பீத்தோவனும் ஷூபர்ட்டும் மறைந்துவிட்டார்கள். ரொமான்டிக் காலம் நடந்துகொண்டிருந்தது. மிஷன் ஆலயங்களின் பாட்டுப் புத்தகம் எல்லாக் காலத்தையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு வந்தது. 1551இல் ஜெனீவாவில் அச்சான சங்கீத மெட்டு, ஹைடன் 1797இல் ஆஸ்திரியப் பேரரசருக்கு எழுதிய மெட்டு, 1818இல் ஆஸ்திரியக் கிராமம் ஒன்றில் கிட்டாரோடு முதலில் பாடப்பட்ட 'சைலன்ட் நைட்', 1861இல் ஜான் டைக்ஸ் எழுதிய விக்டோரியா காலத்து மெட்டு, எல்லாம் ஒரே அட்டைக்குள். பாடகர் குழுவில் ஆல்டோவோ டெனாரோ பாடியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: பழைய மெட்டுகளில் தங்கள் குரல் ஒரு தனிப் பாட்டாக நடக்கும். விக்டோரியா காலத்து மெட்டுகளில் பல அடிகளுக்கு ஒரே சுரத்தில் நின்று, மேல்குரலுக்கு மெத்தை விரிக்கும். காலகட்ட வரலாற்றை அவர்கள் தொண்டையாலேயே அறிந்திருக்கிறார்கள்.

மேற்கத்திய மெட்டுகள் இப்படி வந்துகொண்டிருக்க, ஈரோட்டில் ஒருவர் எதிர்த்திசையில் நடந்தார். லண்டன் மிஷனைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஆர்தர் போப்ளி. மேற்கத்திய ஞானப்பாட்டு மரபில் வளர்ந்த அவர் நம் இசையைக் கற்றார். தமிழ்ச் சபைகள் தம் சொந்த ராகத்திலும் தாளத்திலும் பாட வேண்டும் என்று வாதாடினார், கீர்த்தனைகளை ஊக்குவித்தார். 1921இல் இந்திய இசையைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. திருக்குறளின் ஒரு பகுதியையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஒரு மரபை முழுதாகக் கற்றவன் இன்னொரு மரபை மதிப்பான் என்பதற்கு அவர் சாட்சி. ஞானப்பாட்டும் கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்து ஒலிக்கும் தமிழ்ச் சபையில், பல குரல் மரபும் ஒற்றைக் குரல் மரபும் அருகருகே குடியிருக்கின்றன. இரண்டு மரபையும் ஒரே மூச்சில் ஒப்பிட்டுக் கேட்க இதைவிட நல்ல இடம் வேறு எங்கே கிடைக்கும்?

ரொமான்டிக் காலம் கொங்கு நாட்டுக்கு இரண்டாம் முறை வந்தது சினிமா வழியாக. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இசை அரண்மனையை விட்டுப் பொதுக் கச்சேரி மண்டபத்துக்குப் போய்விட்டது. மண்டபம் பெரிதாக, ஆர்கெஸ்ட்ராவும் பெரிதாயிற்று. 1824 மே 7 அன்று வியன்னாவில் அரங்கேறிய பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் பாடகர் குழுவே சேர்ந்தது. 1910இல் மாலரின் எட்டாம் சிம்பொனியை அரங்கேற்ற ஆயிரம் பேருக்குமேல் தேவைப்பட்டார்கள். வாக்னர் தம் இசை நாடகங்களில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும், வாளுக்கும், சாபத்துக்கும்கூட ஒரு சிறு இசைத்துணுக்கை ஒட்டிவைத்தார். அந்தத் துணுக்கு ஒலித்தால் ஆள் மேடையில் இல்லாவிட்டாலும் நினைவு வரும். வியன்னாவில் பிறந்த மேக்ஸ் ஸ்டைனர் 1933இல் 'கிங் காங்' படத்துக்கு இசையமைத்தபோது இந்த முறையை ஹாலிவுட்டில் வேரூன்றச் செய்தார். இன்று நாயகன் திரையில் தோன்றுமுன் அவனுடைய தீம் இசைக்குத் திரையரங்கம் விசிலடிக்கிறதே, அதன் பாட்டன் வாக்னர்.

கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ தொடங்கியது 1935இல். பிறகு பட்சிராஜா ஸ்டூடியோ வந்தது. எஸ்.எம். சுப்பையா நாயுடு இங்கே இருந்து இசையமைத்தார். எம்.எஸ். விசுவநாதன் என்ற இளைஞர் அவரிடம் தொழில் கற்றதும் இந்த ஊரில்தான். சென்னைக்குப் போய் தமிழ் மெல்லிசையின் முகத்தையே மாற்றிய அவருடைய பாடல்களில், வயலின்கள் கூட்டமாக எழும்பி அடங்கும் அந்த அலை ரொமான்டிக் காலத்தின் அலை. அதற்கான தொழில்முறைப் பயிற்சி கோவையின் ஸ்டூடியோத் தளத்தில் தொடங்கியது என்பதை நாம் பெருமையோடு நினைக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டு இவை அனைத்தையும் கேள்வி கேட்டது. 1889இல் பாரிஸ் பொருட்காட்சியில் ஜாவாவின் கமெலான் இசையைக் கேட்ட திபூசி, ஹார்மனி வீடு திரும்பித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டார். 1913இல் ஸ்திராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' தாளத்தை உடைத்துப் போட்டது. ஷோன்பெர்க் சட்ஜத்தையே நீக்கிப் பன்னிரண்டு சுரங்களுக்கும் சம உரிமை கொடுத்தார். அப்போது தாளத்துக்கும் காலத்துக்கும் புதிய வழி தேடியவர்களில் சிலர் நம் பக்கம் திரும்பினார்கள். பிரெஞ்சு இசைமேதை மெஸ்ஸியான் சார்ங்கதேவரின் 'சங்கீத ரத்னாகர'த்தில் உள்ள தேசி தாளங்களைப் படித்துத் தம் படைப்புகளில் கையாண்டார். அமெரிக்கரான பிலிப் கிளாஸ் ரவிசங்கரோடு பணியாற்றித் தாளச் சுழற்சியைக் கற்றார். காந்தியைப் பற்றிய அவருடைய 'சத்தியாகிரகம்' ஓபரா 1980இல் அரங்கேறியது. தீட்சிதர் அங்கிருந்து மெட்டை எடுத்தார், அவர்கள் இங்கிருந்து தாளத்தை எடுத்தார்கள். தமக்கு இல்லாததைத் தேடிப் போனவர்களே இரு பக்கமும் கதவைத் திறந்திருக்கிறார்கள்.

தீட்சிதர் வாசலில் நிறுத்திய கீழ்க்குரலை உள்ளே அழைத்து வந்தவர் இளையராஜா. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய முறையைக் கற்றவர். 1986இல் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்தார். அதில் ஒரு துண்டில் பாக்கின் தனி வயலின் இசையும் நம் இசையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. தமிழர்கள் கொண்டாடினோம். கொண்டாடியது சரி. ஆனால் நான்கு பகுதி கொண்ட ஒரு சிம்பொனியைக் கேட்கக் கொண்டாட்டம் மட்டும் போதாது, பழகிய காது வேண்டும்.

அந்தக் காதைப் பழக்க வழி இருக்கிறது. எந்த மேற்கத்திய இசையைக் கேட்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள். அடியில் பேஸ் குரல் என்ன செய்கிறது? அது ஓயாமல் நடந்துகொண்டே இருந்தால் பரோக்காக இருக்கலாம். மெட்டு கேள்வியும் பதிலுமாகப் பிரிகிறதா? செவ்வியல் காலமாக இருக்கலாம். மெட்டு நீண்டு, ஒலி மெல்ல மெல்லப் பெருகி, சட்ஜம் எங்கே என்று தெரியாமல் ஏங்கவைக்கிறதா? ரொமான்டிக்காக இருக்கலாம். விடை தவறினாலும் பரவாயில்லை. கேள்வி கேட்கத் தொடங்கியதுமே காது கீழே இறங்கிவிடும்.

ட்ரினிட்டி தேர்வுக்கும் ஏ.பி.ஆர்.எஸ்.எம். தேர்வுக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பியானோ பயில்கிறார்கள். அவர்களின் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மினுவெட்டை வாசிக்கும் பிள்ளைக்கு அது எந்தக் காலத்து நடனம், யார் வீட்டுக் கூடத்தில் ஒலித்தது என்று சொல்லிக்கொடுங்கள். இடது கையை மட்டும் தனியாக வாசிக்கச் சொல்லி, அதையும் ஒரு பாட்டாகக் கேட்கச் சொல்லுங்கள். ஆலயப் பாடகர் குழுக்களுக்கு இன்னொரு வேண்டுகோள். கிறிஸ்துமஸ் காலத்தில் நீங்கள் நான்கு குரலில் பாடும்போது ஊரையும் அழையுங்கள். மதம் பார்க்காமல் வந்து கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். சபாக்களில் கர்நாடக இசை கேட்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் காது ஒரு சுரத்துக்குள் இருக்கும் அசைவைப் பிரித்தறியும் காது. உலகில் மிகச் சிலருக்கே வாய்த்த பயிற்சி அது. அந்தக் காது ஒரே நேரத்தில் ஓடும் நான்கு குரல்களையும் பின்தொடரக் கற்றுக்கொண்டால், ராகத்தில் எதையும் இழக்கப் போவதில்லை.

மேற்கு ஆயிரம் ஆண்டுகள் முயன்று வளர்த்தது ஒரு கலை: பலர் ஒரே நேரத்தில் பாடும்போது ஒருவர் குரலும் மற்றவர் குரலில் அமுங்காமல் இருப்பது. அது இசைக்கு மட்டும் வேண்டிய கலை அல்ல. அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்கும்போது, பாடுகிறவரை ஒரு முறை விட்டுவிட்டு, அடியில் ஓடும் குரலை மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்து பாருங்கள். தெரிந்த பாட்டுக்குள் இன்னொரு பாட்டு இருப்பது தெரியவரும்.